சர்வரில் ஃபைபர் சேனல் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் ஃபைபர் சேனல் கார்டைப் பற்றிப் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்டவை, நானே ஆரம்பத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விழித்தவை, எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கார்டு கெட்டுப்போவது அபூர்வம். தகராறு பெரும்பாலும் கார்டிலிருந்து ஸ்டோரேஜ் வரை போகும் பாதையில்தான் வரும், அதனால் பாதையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

இந்தக் கார்டு என்னதான் செய்கிறது?

வேறு ரேக்கில், தனிப் பெட்டியில் இருக்கும் டிஸ்க்கை, சர்வருக்கு உள்ளேயே செருகியிருப்பது போலக் காட்டுகிறது. ஹோஸ்ட் பஸ் அடாப்டர் என்பது முழுப்பெயர், எல்லோரும் எச்பிஏ என்றுதான் சொல்வார்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் கொடுக்கும் ஸ்கசி கட்டளைகளை, அதாவது டிஸ்க்கில் படி, எழுது என்ற கட்டளைகளை, ஃபைபர் சேனல் ஃப்ரேம்கள் என்ற சின்னப் பொட்டலங்களாக மாற்றி அனுப்புவது, திரும்பி வருவதை வரிசைப்படுத்தி மெமரியில் வைப்பது எல்லாம் கார்டின் சிப்பே பார்த்துக்கொள்ளும், சர்வரின் சிபியுவுக்கு அந்தச் சுமை இல்லை.

சர்வரில் ஏற்கெனவே 10ஜி, 25ஜி (ஜி என்றால் ஜிகாபிட்) நெட்வொர்க் கார்டு இருக்கிறதே, தனியாக இது எதற்கு?

நியாயமான கேள்வி. சாதாரண ஈதர்நெட்டில் வழியில் நெரிசல் வந்தால் ஸ்விட்ச் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும், அப்புறம் டிசிபி என்ற நெறிமுறை அதைக் கவனித்து மறுபடி அனுப்பும். வெப்சைட் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. டேட்டாபேஸ் ஒன்று டிஸ்க்கில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும்.

ஃபைபர் சேனலில் அனுப்புகிற முனை தன் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது. இணைப்பு ஏற்படும்போதே எதிர்முனை தன்னிடம் எத்தனை பஃபர் (ஒரு ஃப்ரேம் பிடிக்கும் இடம்) இருக்கிறது என்று சொல்லிவிடும், அதற்கு பஃபர் கிரெடிட் என்று பெயர். ஒரு ஃப்ரேம் போனால் ஒரு கிரெடிட் குறையும், எதிர்முனை அந்த பஃபரைக் காலி செய்துவிட்டேன் என்று சிக்னல் அனுப்பினால்தான் கிரெடிட் திரும்பக் கிடைக்கும். ரேஷன் கடையில் இன்று இத்தனை டோக்கன்தான் என்று முதலிலேயே கொடுத்துவிட்டால், வரிசையில் நின்றவர் யாரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை, அந்த மாதிரி. அதனால் நெரிசலுக்காக ஃப்ரேமைத் தூக்கிப்போடுவது என்பது வழக்கமான நடைமுறையில் இல்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. ஒரு சர்வர் மட்டும் மெதுவாக வாங்கினால், அதாவது கிரெடிட்டைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால், அதற்குப் போக வேண்டிய ஃப்ரேம்கள் ஸ்விட்சில் தேங்கி, இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இருக்கும் பொது இணைப்பையே அடைத்துக்கொள்ளும், ஒரு பாவமும் அறியாத மற்ற சர்வர்களும் மெதுவாகும். பழைய 8ஜி கார்டு உள்ள சர்வர் 32ஜி ஸ்டோரேஜிலிருந்து பெரிய பெரிய ரீட் கேட்கும்போது இதைப் பார்க்கலாம். "ஒரு பழைய சர்வர்தானே, ஓரமாக ஓடட்டும்" என்று விடாதீர்கள்.

ஈதர்நெட் வழியாகவே ஸ்டோரேஜை இணைக்கும் ஐஸ்கசி மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். நாலைந்து சர்வர், ஒரு நடுத்தர ஸ்டோரேஜ், ஸ்டோரேஜுக்கென்று தனி விஎல்ஏஎன் (நெட்வொர்க்கில் பிரித்து வைத்த பகுதி) என்றால் அது தாராளமாகப் போதும். நிறைய சர்வர்கள், முக்கியமான டேட்டாபேஸ்கள், நெட்வொர்க் டீமில் யாரோ செய்யும் மாற்றம் ஸ்டோரேஜைத் தொடவே கூடாது என்ற நிலை, இவை இருந்தால் ஃபைபர் சேனலுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

8ஜி, 16ஜி, 32ஜி, 64ஜி: எதை வாங்குவது?

கணக்கு எளிது. 8ஜி போர்ட் ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 800 மெகாபைட், 16ஜி 1600, 32ஜி 3200, 64ஜி 6400. கார்டு தனக்குக் கீழே இரண்டு தலைமுறை வரை இறங்கிப் பேசும். 32ஜி கார்டு 16, 8 இரண்டோடும் ஒத்துப்போகும், 4ஜி ஸ்விட்சோடு ஒத்துப்போகாது. 64ஜி கார்டு 8ஜி ஸ்விட்சைக் கண்டால் லிங்க்கே வராது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் புதுக் கார்டை வாங்கி, பழைய ஸ்விட்சில் செருகி, "கார்டு டெட்" என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

இன்று புதிதாக வாங்குவதென்றால் இரண்டு போர்ட் 32ஜி வாங்குங்கள், ஸ்விட்ச் இன்னும் 16ஜியாக இருந்தாலும் சரி. ஸ்விட்சும் ஸ்டோரேஜும் 64ஜி என்றால் மட்டும் 64ஜி.

எந்த ஸ்லாட்டில் போடுவது? எதிலும் போடலாமா?

போடலாம், ஆனால் பார்த்துப் போடுங்கள். 32ஜி போர்ட் இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் விநாடிக்கு 6.4 ஜிகாபைட். பிசிஐஇ 3.0-வில் எட்டு லேன் (ஸ்லாட்டுக்குள் டேட்டா போகும் தடம்) உள்ள ஸ்லாட் சுமார் 7.8 ஜிகாபைட் தாங்கும், நாலு லேன் என்றால் 3.9தான். சில சர்வர்களில் ஸ்லாட் பார்க்க எட்டு லேன் நீளம் இருக்கும், உள்ளே கம்பி நாலு லேனுக்குத்தான் போயிருக்கும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை இரண்டு வி போட்டு ஓட்டினால், கார்டால் எவ்வளவு முடியும், இப்போது எவ்வளவில் ஓடுகிறது என்று இரண்டு வரியாகக் காட்டும். இரண்டும் பொருந்தவில்லையென்றால் ஸ்லாட்டை மாற்றுங்கள்.

இரண்டு பிராசசர் உள்ள சர்வரில் ஒவ்வொரு ஸ்லாட்டும் ஏதாவது ஒரு பிராசசரோடு கட்டப்பட்டிருக்கும். இரண்டாவது பிராசசர் போடாத சர்வரில் அதற்குரிய ஸ்லாட்டுகள் உயிரில்லாமல் கிடக்கும், அதில் கார்டைச் செருகிவிட்டு அரை நாள் தேடாதீர்கள்.

அப்புறம், கார்டுப் பெட்டியில் உயரமான பிராக்கெட், குட்டை பிராக்கெட் என்று இரண்டு வரும். ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த சர்வருக்கு அதுதான் தேவைப்படும்.

ஒரே கார்டில் இரண்டு போர்ட் இருக்கிறது. இரண்டாவது கார்டு எதற்கு?

இரண்டு போர்ட்டும் ஒரே சர்க்யூட் போர்டில், ஒரே ஸ்லாட்டில், பெரும்பாலும் ஒரே சிப்பில் இருக்கின்றன. கேபிள் போனால், ஸ்விட்ச் போனால் இரண்டாவது போர்ட் காப்பாற்றும். கார்டே போனால் இரண்டும் சேர்ந்து போகும். முக்கியமான சர்வர் என்றால் இரண்டு கார்டு போடுங்கள், முடிந்தால் ஒன்றை முதல் பிராசசரின் ஸ்லாட்டிலும் மற்றதை இரண்டாவதிலும். விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் கிளஸ்டரில் ஒரு சர்வர் விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும் என்றால் ஒரே கார்டோடு நிறுத்திக்கொள்ளலாம், அது பட்ஜெட்டைப் பொறுத்தது.

ஆனால் கார்டு எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு டேட்டாபேஸ் சர்வருக்கு இரண்டு கார்டு, ஒரே டிஸ்க்குக்குப் போகும் பல பாதைகளை நிர்வகிக்கும் மல்டிபாத்தின் கட்டளையை ஓட்டினால் நாலு பாதையும் பளிச்சென்று ஆக்டிவ் என்று காட்டும். ஏ பக்கம், பி பக்கம் என்று இரண்டு தனி ஸ்விட்சுகள். ஓர் இரவு ஏ பக்க ஸ்விட்சுக்கு ஃபர்ம்வேர் ஏற்றி ரீபூட் செய்தோம், நாலு பாதையும் ஒரே நொடியில் போய்விட்டன, டேட்டாபேஸ் விழுந்தது. கேபிள் போட்டவர் இரண்டு கார்டின் கேபிளையும் ஒரே ஸ்விட்சில் செருகியிருந்தார், நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இரண்டு கார்டு போர்ட், இரண்டு ஸ்டோரேஜ் போர்ட், பெருக்கினால் நாலு பாதை வரத்தான் செய்யும், அவை எல்லாம் ஒரே ஸ்விட்ச் வழியாகப் போனாலும்.

இதைக் கேபிளைத் தொடாமலே கண்டுபிடிக்கலாம். லினக்ஸில் சிஸ் கோப்பகத்துக்குள் கிளாஸ், அதற்குள் எஃப்சி ஹோஸ்ட் என்று போனால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு கோப்பகம் இருக்கும். அதில் ஃபேப்ரிக் நேம் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள், ஃபேப்ரிக் என்பது ஒன்றோடொன்று இணைந்த ஸ்விட்சுகளின் தொகுப்பு. இரண்டு போர்ட்டுக்கும் வெவ்வேறு எண் வர வேண்டும். ஒரே எண் வந்தால் இரண்டும் ஒரே ஃபேப்ரிக்கில் இருக்கின்றன என்று அர்த்தம், உடனே ரேக்குக்குப் போங்கள்.

சர்வரை ஒப்படைக்கும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். டிஸ்க்கில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளை உருவுங்கள். எழுதுவது சில விநாடி நின்று, பிறகு தொடர வேண்டும். திரும்பச் செருகி, பாதை தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள், அப்புறம் மற்ற கேபிள். ரொம்ப நேரம் உறைந்துபோய் நிற்கிறதென்றால் மல்டிபாத் அமைப்பில் ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில் டைம்அவுட் (பாதை போனதும் எத்தனை விநாடி காத்திருந்து கைவிடுவது என்ற அளவு) என்ன மதிப்பில் இருக்கிறது என்று பார்த்து, ஸ்டோரேஜ் நிறுவனம் சொல்லும் மதிப்பை வையுங்கள்.

கியூலாஜிக் நல்லதா, எமுலெக்ஸ் நல்லதா?

இந்தக் கார்டுகளின் இரண்டு முக்கியப் பெயர்கள் இவை, இரண்டும் நல்லவை. கியூலாஜிக்கை 2016-ல் கேவியம் வாங்கியது, கேவியத்தை 2018-ல் மார்வெல் வாங்கியது. எமுலெக்ஸை 2015-ல் அவாகோ வாங்கியது, அதே அவாகோ அடுத்த ஆண்டு பிராட்காமையும் வாங்கி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. எனவே பெட்டி மேல் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். கியூஎல்இ 2742 என்றால் மார்வெல் வழி வந்த இரண்டு போர்ட் 32ஜி, எல்பிஇ 32002 என்றால் எமுலெக்ஸ் வழி வந்த இரண்டு போர்ட் 32ஜி. சர்வர் நிறுவனங்கள் இவற்றையே தங்கள் பெயரில் விற்கும். எச்பிஇ-யின் எஸ்என்1600கியூ, எஸ்என்1600இ இரண்டில் கடைசி எழுத்தைப் பார்த்தாலே உள்ளே யார் சிப் என்று தெரிந்துவிடும்.

என் கருத்து: ஏற்கெனவே உங்களிடம் எது அதிகமாக இருக்கிறதோ அதையே வாங்குங்கள். டிரைவர், ஃபர்ம்வேர், கருவிகள் எல்லாம் கைக்குப் பழகியிருக்கும், இரவு இரண்டு மணிக்கு அதுதான் உதவும்.

கேபிளும் எஸ்எஃப்பியும் எதுவானாலும் சரியா?

இல்லை. எஸ்எஃப்பி என்பது கார்டிலும் ஸ்விட்சிலும் செருகும் அந்தச் சின்ன ஆப்டிகல் மாட்யூல். கார்டோடு பெரும்பாலும் அதுவே வந்துவிடும், அதையே பயன்படுத்துங்கள். ஈதர்நெட் 10ஜி எஸ்எஃப்பி அளவில் அப்படியே பொருந்தும், ஆனால் லிங்க் வராது. கார்டு 32ஜி, ஸ்விட்சில் 16ஜி எஸ்எஃப்பி என்றால் 16-ல்தான் ஓடும், அது கோளாறு இல்லை.

கேபிளில் நிறத்தைப் பாருங்கள். ஓஎம் என்பது ஃபைபர் கேபிளின் தர வகை. ஆரஞ்சு என்றால் பழைய ஓஎம்2 ஆக இருக்க வாய்ப்பு அதிகம், கடல்நீலப் பச்சை என்றால் ஓஎம்3 அல்லது ஓஎம்4. நிறத்தை மட்டும் நம்பாமல் கேபிள் மேல் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். 8ஜி காலத்தில் ஓஎம்2 கேபிள் 50 மீட்டர் வரை போனது, 32ஜியில் அதே கேபிளுக்கு 20 மீட்டர்தான். ஓஎம்3-க்கு 32ஜியில் 70 மீட்டர், ஓஎம்4-க்கு 100. பழைய கேபிளை வைத்துக்கொண்டு கார்டையும் ஸ்விட்சையும் மட்டும் மாற்றுகிற இடங்களில் இதுதான் காலை வாரும். லிங்க் வரும், ஓடும், சுமை ஏறும்போது பிழைகள் கொட்டும்.

செருகியும் லிங்க் வரவே இல்லையென்றால் முதலில் கேபிளின் ஒரு பக்கத்தில் இருக்கும் இரண்டு எல்சி கனெக்டர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க, மாறிப்போயிருக்கும். கேபிளைப் பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டாதீர்கள், வெல்க்ரோ போதும்.

லிங்க் வந்துவிட்டது, டிஸ்க் தெரியவில்லை. எங்கே தேடுவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சர்வரிலிருந்து ஸ்டோரேஜை நோக்கி ஒவ்வொரு படியாக நடங்கள், இடையில் தாவாதீர்கள்.

முதலில் கார்டு. முன்னே சொன்ன அதே கோப்பகத்தில் போர்ட் ஸ்டேட் ஆன்லைன் என்று இருக்கிறதா, ஸ்பீடு சரியா என்று பாருங்கள். அங்கேயே போர்ட் நேம் என்பதில் பதினாறு இலக்க முகவரி இருக்கும், டபிள்யூடபிள்யூபிஎன் என்று சொல்வது அதைத்தான். 21:00:00:24 என்று தொடங்கினால் பெரும்பாலும் கியூலாஜிக், 10:00:00:90 என்றால் பெரும்பாலும் எமுலெக்ஸ். கார்டுக்கே ஒரு முகவரி, ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு முகவரி என்று இரண்டு வகை உண்டு. எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜோடு பேசலாம் என்று ஸ்விட்சில் எழுதும் சோனிங்குக்கு போர்ட் முகவரியைக் கொடுங்கள், கார்டு முகவரியைக் காப்பி செய்துகொடுத்துவிட்டு ஸ்டோரேஜ் டீமோடு நாள் முழுக்க மெயிலில் பேசுவது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்து ஸ்விட்ச். அந்த முகவரி ஸ்விட்சில் லாகின் ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் சோன். ஒரு சோனில் ஒரே ஒரு சர்வர் போர்ட், அதற்கு வேண்டிய ஸ்டோரேஜ் போர்ட்டுகள், அவ்வளவுதான் இருக்க வேண்டும். பத்து சர்வரை ஒரே சோனில் போட்டால், ஒன்று ரீபூட் ஆகும்போதெல்லாம் மற்ற ஒன்பதுக்கும் அறிவிப்பு போய் அநாவசியத் தொல்லை. சோன் சரியாக எழுதியும் வேலை செய்யவில்லையா? எழுதியதைச் சேமித்தீர்களா, செயல்படுத்தினீர்களா என்று யோசியுங்கள். புரோகேட் ஸ்விட்சில் சேமிப்பதற்கு ஒரு கட்டளை, செயல்படுத்துவதற்கு வேறு கட்டளை. சிஸ்கோ எம்டிஎஸ் ஸ்விட்சிலும் சோன்களின் தொகுப்பான சோன்செட்டைத் தனியாக ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

கடைசியாக ஸ்டோரேஜ். அங்கே இந்த முகவரியோடு சர்வர் ஒரு ஹோஸ்டாகப் பதிவாகி, லன் (ஸ்டோரேஜ் பிரித்துக் கொடுக்கும் டிஸ்க்) அதற்கு மேப் ஆகியிருக்க வேண்டும். சோன் என்பது வீட்டுக்குப் போகும் தெரு, மேப்பிங் என்பது எந்த அறையின் சாவி உங்கள் கையில் என்பது. இரண்டும் முடிந்ததும் சர்வரில் ரீஸ்கேன். இதற்காக ரீபூட் செய்ய வேண்டியதில்லை.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது. கார்டு பழுதா?

கார்டைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். எஃப்சி ஹோஸ்ட் கோப்பகத்துக்குள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று ஒன்று உண்டு, அதில் சிஆர்சி பிழை (வழியில் டேட்டா சிதைந்ததன் அடையாளம்), தவறான டிரான்ஸ்மிஷன் வேர்ட், லிங்க் ஃபெயிலியர் எண்ணிக்கைகள் எல்லாம் ஹெக்ஸாடெசிமலில் இருக்கும். மொத்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சர்வர் பூட் ஆகும்போது கொஞ்சம் சேர்ந்திருக்கும். இப்போது குறித்துக்கொண்டு அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். ஏறிக்கொண்டே இருந்தால்தான் பிரச்சினை.

சிஆர்சி பிழையை எண்ணுவது வாங்குகிற முனை. கார்டில் எண்ணிக்கை ஏறினால் கார்டுக்கு வரும் வெளிச்சம் கெட்டிருக்கிறது, எனவே கேபிளையும் எதிர்முனையில் இருக்கும் ஸ்விட்ச் எஸ்எஃப்பியையும் சந்தேகப்படுங்கள். ஸ்விட்ச் பக்கம் ஏறினால் கார்டில் இருக்கும் எஸ்எஃப்பி. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல கார்டைக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள்.

மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்யுங்கள். மல்டிமோட் ஃபைபரில் ஒளி போகும் மையம் 50 மைக்ரான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. அதன் மேல் ஒரு தூசி உட்கார்ந்தாலே போதும். பேனா போன்ற ஒன்-கிளிக் கிளீனர் கிடைக்கிறது, கேபிள் முனையில் வைத்து டக்கென்று சத்தம் வரும்வரை ஒரு அழுத்து, எஸ்எஃப்பியின் இரண்டு துளைகளிலும் ஒவ்வொரு அழுத்து. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும், சட்டையில் துடைத்தால் இன்னும் மோசம். புதுக் கேபிளையும் ஒருமுறை சுத்தம் செய்தே செருகுவேன். துளைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், 850 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போய்விடும்.

டிரைவர், ஃபர்ம்வேர் எப்போது மாற்றுவது?

புதிதாக வந்தது என்பதற்காக மாற்ற வேண்டாம். ஸ்டோரேஜ் நிறுவனங்கள் எந்தக் கார்டு, எந்த ஃபர்ம்வேர், எந்த டிரைவர், எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், எந்த ஸ்விட்ச் பதிப்பு என்று சோதித்த பொருத்தப் பட்டியல் வைத்திருக்கின்றன. உங்கள் அமைப்பு அந்தப் பட்டியலில் ஒரே வரியில் முழுதாக இருக்க வேண்டும். கார்டு ஒரு வரியிலும் டிரைவர் வேறு வரியிலும் இருந்தால், சப்போர்ட்டைக் கூப்பிடும்போது முதலில் அதைத்தான் சரிசெய்யச் சொல்வார்கள். சர்வர் நிறுவனத்தின் பெயரில் வந்த கார்டுக்கு ஃபர்ம்வேரையும் அவர்களிடமிருந்தே எடுங்கள். லினக்ஸில் டிரைவர் அளவுருவை மாற்றினால் பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் மறுபடி கட்டுங்கள், இல்லாவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகு பழைய மதிப்பே திரும்பி வரலாம்.

விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாக லன் கொடுக்க முடியுமா?

முடியும், என்பிஐவி என்ற வசதியால். ஒரே போர்ட் பல முகவரிகளோடு ஸ்விட்சில் லாகின் ஆகும், ஒவ்வொரு மெஷினுக்கும் சொந்த முகவரி. இதில் ஒரு பொறி உண்டு: ஐபிஎம் பவரிலும் ஹைப்பர்-வியிலும் ஒரு விர்ச்சுவல் அடாப்டருக்கு இரண்டு முகவரிகள் ஒதுக்கப்படும், சாதாரணமாக ஒன்றுதான் கண்ணில் படும். மெஷின் வேறு சர்வருக்கு ஓடிக்கொண்டே இடம் மாறும்போதுதான் இரண்டாவது வேலைக்கு வரும். இரண்டையும் சோன் செய்து, ஸ்டோரேஜிலும் சேர்த்துவிடுங்கள்.

என்விஎம்இ ஸ்டோரேஜ் வாங்கினால் இந்தக் கார்டு வீணா?

வீணாகாது. என்விஎம்இ என்பது ஸ்கசிக்குப் பதிலாக ஃபிளாஷ் டிஸ்க்குகளுக்கென்று வந்த கட்டளை முறை, ஃபைபர் சேனல் மேலேயே அது ஓடும், கியூஎல்இ 2690, 2740 வரிசைகளும் எல்பிஇ 31000, 32000 வரிசைகளும் அதற்குப் பிறகு வந்தவையும் ஒரே போர்ட்டில் ஸ்கசியையும் என்விஎம்இ-யையும் சேர்த்தே கொண்டுபோகும். சோனிங் பழையபடிதான். ஸ்டோரேஜில் சர்வரைப் பதிவு செய்வதுதான் என்கியூஎன் என்ற வேறு பெயரால் நடக்கும்.

பழைய கார்டு வாங்கலாமா?

வீட்டில் கற்றுக்கொள்ள 8ஜி கார்டு நல்லது, தாராளமாக வாங்குங்கள். அலுவலகத்துக்கு வேண்டாம். 2020-ல் வந்த விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 7.0 பழைய வகை லினக்ஸ் டிரைவர்களை முழுவதும் கைவிட்டது, அவற்றை நம்பியிருந்த கார்டுகள் அப்கிரேடுக்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை. கார்டு உயிரோடு இருந்தும் பயனில்லை.

கார்டு உண்மையிலேயே போய்விட்டது, புதிது போட்டாயிற்று, டிஸ்க் வரவில்லையே?

வராது. முகவரி கார்டோடு பிறந்தது, புதுக் கார்டு என்றால் புது முகவரி. ஸ்விட்சில் சோனையும் ஸ்டோரேஜில் ஹோஸ்ட் பதிவையும் மாற்ற வேண்டும், இரண்டிலும் பழைய முகவரியை எடுத்துவிட வேண்டும். சர்வர் ஸ்டோரேஜிலிருந்தே பூட் ஆகிறதென்றால் கார்டின் பூட் அமைப்பிலும் இலக்கை மறுபடி எழுத வேண்டும். சிஸ்கோ யூசிஎஸ் போன்ற பிளேடுகளில் முகவரி கார்டில் இல்லாமல் சர்வீஸ் புரொஃபைல் என்ற அமைப்புத் தொகுப்பில் இருக்கும், அங்கே மட்டும் இந்த வேலை மிச்சம்.

கார்டின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரில் போர்ட் முகவரிகள் அச்சிட்டிருக்கும். சர்வரை மூடிய பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. ஸ்லாட்டில் செருகும் முன் போனில் ஒரு படம் எடுத்து, எந்த சர்வர், எந்த ஸ்லாட் என்று எழுதி ஸ்டோரேஜ் டீமுக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள். நீங்கள் மூடியைப் பூட்டி சர்வர் ஏறி வருவதற்குள் அவர்கள் சோனை முடித்திருப்பார்கள்.